அண்ணன் சொன்னதும் நான் சொன்னதும்

அண்ணன் காபித் தம்ளரைத் தரையில் வைத்தான். கையால் பேசுகிறவன் கையில் இருப்பதைக் கீழே வைத்தால் பேசப் போகிறான் என்று அர்த்தம். பெண் வீட்டார் அதுவரை அவன் கைகளைச் சும்மா விடவில்லை. முதலில் ஒரு தட்டு, அதில் கேசரியும் பஜ்ஜியும். அது முடிவதற்குள் சுடச்சுடக் காபி. ஒரு கையில் தட்டும் மறு கையில் தம்ளருமாக உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, “மாப்பிள்ளை ரொம்ப அமைதி, கேட்டேளா” என்று அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். காது கேளாத ஒருவனின் இரண்டு கைகளையும் அடைத்துவிட்டு அவனை அமைதியானவன் என்று சொல்வது என்ன கூத்து என்று அந்தக் கூடத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். எனக்கு, அண்ணனுக்கு, உள்ளறை வாசலில் நின்றிருந்த அந்தப் பெண்ணுக்கு. அந்தப் பெண்ணுக்கும் காது கேட்காது.

இது நடந்து பன்னிரண்டு வருடம் இருக்கும். கிழக்கேகோட்டையிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் அந்த வீடு. அவர்களும் எங்களைப் போல நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்தவர்கள், பாத்திர வியாபாரம். பெண் திருநெல்வேலிப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் படித்தவள். “ரெண்டு பேருக்கும் ஒரே குறை, ஒருத்தரை ஒருத்தர் குத்திக் காட்ட முடியாது” என்று தரகர் சொன்னதில் அம்மா ஒரேயடியாக விழுந்துவிட்டாள். அண்ணனுக்கு அப்போது முப்பது. எனக்கு இருபத்தாறு. கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். அண்ணனும் அந்தப் பெண்ணும் பேசுகிற மொழி தெரிந்த, காது கேட்கிற ஆள் அங்கே நான் ஒருத்திதான்.

எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொன்னால்தான் இது விளங்கும். அப்பாவுக்குப் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் பக்கத்தில் சின்னக் கடை. கோயிலில் உடைக்கிற தேங்காய், சூடம், சாம்பிராணி, பூச்சரம். அண்ணனை இந்த ஊரிலேயே காது கேளாதோர் பள்ளி விடுதியில் சேர்த்தார்கள். அங்கே அவன் கற்ற எழுத்து மலையாளம். வீட்டில் நாங்கள் தமிழ். அம்மாவுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. அண்ணனுக்கு மலையாளம் படிக்க வரும், பேச வராது. அப்பா பஸ் போர்டு வரைக்கும் படிப்பார், அதற்கு மேல் கிடையாது. ஆக, பெற்ற தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதம்கூடப் போய்வர வழியில்லை. அப்பாவுக்குத் தெரிந்த சைகைகள் மொத்தம் பத்து இருக்கலாம்: வா, போ, சாப்பிடு, கடை, குளி, அடி வாங்குவாய். அம்மாவுக்கு இன்னும் ஒரு பத்து. மிச்சம் எல்லாவற்றுக்கும் நான். சனிக்கிழமைதோறும் விடுதியிலிருந்து வரும்போது அந்த வாரம் புதிதாகக் கற்ற சைகைகளை அண்ணன் எனக்குக் கொண்டுவந்து தருவான். ஆறு வயதில் நான் அதில் சரளமாகிவிட்டேன். வீட்டில் எனக்கு அதனால் ஒரு கிராக்கி. அந்தக் கிராக்கி எனக்குப் பிடித்தும் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆனால் நான் எப்படிப்பட்ட வாயாக இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருப்போம். அப்பா கடையில் நடந்தது எதையாவது சொல்வார், சிரிப்போம். அண்ணன் என் தொடையைத் தட்டி, என்ன என்று கேட்பான். ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன் என்று கையை வீசிவிடுவேன். அந்த அப்புறம் ஒருநாளும் வந்ததில்லை. காது கேளாத எவரிடமும் கேட்டுப் பாருங்கள், வாழ்க்கையில் அதிகம் பார்த்த சைகை எது என்று. இந்த ‘ஒன்றுமில்லை’யைத்தான் சொல்வார்கள். எதிர்ப்பக்கமும் அதே கதை. அண்ணன் அப்பாவைக் கைகாட்டி, இந்த மனிதர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி இரக்கம் வாங்குகிறார், நான் இனிமேல் கடைக்கு வரமாட்டேன் என்பான். “ஏட்டி, அவன் என்ன சொல்லுகான்?” என்று அப்பா கேட்பார். “லீவுல எழுத்து வேலை இருக்காம்பா” என்பேன். அப்பா அலுத்துப்போய், இது என் தலையெழுத்து என்று சொன்னால், அப்பாவுக்குத் தலைவலி என்று அண்ணனிடம் சொல்வேன். நான் இல்லாவிட்டால் இந்த வீடு தீப்பற்றி எரிந்துவிடும் என்று எனக்கு நினைப்பு. பெரிய மனுஷி!

பள்ளி முடிந்ததும் அண்ணன் பல்செட் செய்கிற லேபில் வேலைக்குச் சேர்ந்தான். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, மெழுகில் ஈறு வடித்து, ஒவ்வொரு பல்லாகப் பதிக்கிற வேலை. கண்ணும் கையும் இருந்தால் போதும், அவனுக்கு இரண்டும் அபாரம். விடுதியில் அவனோடு ஒன்றாகப் படித்த ஒருவரும் அதே லேபில் சேர்ந்தார். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் கையில் அவருடைய பெயர் இடது புருவத்தின் மேல் வைக்கிற ஒரு விரல். அங்கே அவருக்குத் தழும்பு உண்டு. ஊர் கல்லாறு. பொன்முடி மலைக்குப் போகிற பஸ்கள் நின்று போகும் இடத்தில் அவர்கள் வீட்டாரின் டீக்கடை. நான் காலேஜில் படிக்கும்போது ஒரு விடுமுறை நாளில் அண்ணன் என்னையும் அங்கே கூட்டிப்போனான்.

மழை பெய்து ஓய்ந்திருந்த சமயம். ஆறு அப்படி இரைந்தது. டீக்கடையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்களே ஒருவர் காதில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணன் இக்கரைப் பாறையிலும் அவர் அக்கரைப் பாறையிலும் உட்கார்ந்து, சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் டீக் கிளாசைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். முதலில் மீனைப் பற்றிப் பேச்சு. பிறகு லேப் முதலாளியின் குறட்டையை அவர் நடித்துக் காட்டினார். அண்ணன் சிரித்துப் புரண்டான். அதற்குப் பிறகு வந்தது நான் பார்த்திருக்கக் கூடாத பேச்சு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் இத்தனை நீளமாக இருக்கிறது என்று அண்ணன் கேட்டான். உன்னைப் பார்க்காததால் என்றார் அவர். அதோடு நிற்கவில்லை. காதலிப்பவர்கள் பேசுகிற எல்லாவற்றையும் அத்தனை பெரிய ஆற்றின் குறுக்கே, பட்டப்பகலில், பத்துப் பதினைந்து சுற்றுலாக்காரர்களின் முன்னால் பேசினார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சைகை மொழியில் குசுகுசுப்பது கிடையாது. படிக்கத் தெரிந்த ஒரு கண் அங்கே இருந்தால் போதும், எல்லாம் வெட்டவெளி. அன்றைக்கு அந்தக் கண் என்னுடையதாகிவிட்டது.

திரும்புகிற பஸ்சில், பார்த்தாயா என்று கேட்டான். பார்த்தேன் என்றேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். எனக்கு ஒன்றும் பெரிய அதிர்ச்சி இல்லை. உள்ளுக்குள் எங்கேயோ தெரிந்துதான் இருந்தது. பயம்தான். அந்தப் பயத்தோடு சேர்ந்து ஒரு பெருமையும் இருந்தது, அண்ணனின் ரகசியத்தைக் காப்பவள் என்று. சொல்லாமல் இருப்பதில்தான் எனக்கு அத்தனை வருடப் பயிற்சி இருந்ததே.

அதன் பிறகு அவன் என்னிடம் மனம்விட்டுப் பேசினான். அவனுக்கு வேறு யார்? ஞாயிறு மாலைகளில் காது கேளாதோர் சங்கத்துக்குப் போவான். அவனுடைய ஊர், உறவு எல்லாமே அதுதான். ஒருநாள் அங்கே கண்ணாடிக் கதவைத் திறக்கப் போனவன், தன் முதுகுக்குப் பின்னால் இரண்டு பெரியவர்கள் தன்னைப் பற்றிக் கேவலமான ஒரு சைகை காட்டிச் சிரிப்பதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டான். சின்ன வயதில் அவனுக்குக் கேரம் விளையாடச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள். நகரத்தில் இன்னொரு கூட்டம் உண்டு. ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், அப்படிப் பலர் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவார்கள். அங்கேயும் போனான். நல்ல மனிதர்கள், கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் மலையாளத்தில் பேசுவார்கள், வாயைப் பார்த்துப் பார்த்து இவனுக்குக் கண் பூத்துப்போகும். பத்து நிமிடம் பேசியதை யாராவது போனில் ஒரு வரியாக டைப் செய்து காட்டுவார்கள். நீ வந்து எனக்குச் சொல் என்று என்னைக் கெஞ்சினான். இரண்டு தடவை போனேன். மூன்றாவது தடவை பரீட்சை என்றேன். பரீட்சையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தெரிந்தவர்கள் யாராவது என்னை அங்கே பார்த்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

அன்றைக்கு அவன் சொன்னது இது: “காது கேளாதவர்கள் நடுவில் நான் வேறு மாதிரி ஆள். அந்த வேறு மாதிரி ஆட்கள் நடுவில் நான் காது கேளாதவன். எங்கே போனாலும் என்னில் பாதியைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். களைப்பாக இருக்கிறது.” களைப்புக்கு எங்கள் சைகை, இரண்டு கைகளையும் மார்பில் வைத்து, தோள் தொங்கக் கீழே இறக்குவது. அந்தச் சைகையை அவன் செய்யும்போது நிஜமாகவே ஆள் ஒரு பிடி சிறுத்துப்போவான். எனக்கு அழுகை வந்தது. ஆனால் மறு மாதமும் நான் கூடப் போகவில்லை.

இப்போது பெண் பார்த்த அன்றைக்கு வருகிறேன். தம்ளரைக் கீழே வைத்த அண்ணன், கையைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தான். முதல்நாளே வேண்டாம் என்று தலையாட்டிப் பார்த்திருந்தான்; “வெக்கப்படுகான்” என்று அம்மா இழுத்து வந்திருந்தாள். அவன் நிதானமாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சைகை செய்தான். எனக்குக் கல்யாணம் வேண்டாம். எனக்கு ஒருவர் இருக்கிறார், ஆண். பதினைந்து வருடமாக. இந்தப் பெண்ணை ஏமாற்ற எனக்கு மனம் இல்லை. இதை அப்படியே இவர்களிடம் சொல்.

கூடம் முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கும் அப்போது ஒரு வரன் ஏறக்குறைய முடிந்திருந்தது. அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அண்ணனைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை.

“அண்ணனுக்குக் கொஞ்சம் டைம் வேணுமாம். வேலை பெர்மனென்ட் ஆகட்டும்னு சொல்றான்” என்றேன்.

கூடத்தில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. “அதுக்கென்ன, நல்ல பொறுப்புள்ள பிள்ளை! கொள்ளாம், கொள்ளாம்” என்றார் பெண்ணின் அப்பா. எங்கள் அப்பாவுக்கு வாயெல்லாம் பல். அண்ணன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். இந்த மாதிரி ஒரு செய்தியைக் கேட்டுவிட்டு யாராவது இப்படிச் சிரிப்பார்களா? அவன் முகத்தில் ஒரு கணம் சந்தோஷம்கூடத் தெரிந்தது. அத்தனை சுலபமாக ஏற்றுக்கொண்டுவிட்டார்களா என்று. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

நான் மறந்துபோனது அந்தப் பெண்ணை. அவள் ஊர்ச் சைகைக்கும் எங்கள் சைகைக்கும் அங்கங்கே வித்தியாசம் உண்டு, ஆனால் அண்ணன் நிறுத்தி நிறுத்திச் சொன்னதில் ஒன்றுகூட அவளுக்குத் தவறவில்லை. அவன் கையையும் பார்த்திருந்தாள், என் உதட்டையும் பார்த்திருந்தாள். தமிழ் உதடு அவளுக்குப் பழக்கம். நேராக என்னிடம் வந்து, எல்லோர் முன்னிலையிலும், நீ பொய் சொன்னாய் என்றாள் கையால். அவர் சொன்னதைச் சொல். அண்ணன் அதைப் பார்த்தான்.

“மக என்ன சொல்லுகா?” என்று அவளுடைய அம்மா ஆவலோடு கேட்டாள்.

“என் சேலை நல்லாருக்காம்” என்றேன்.

ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று. அந்த அம்மா சந்தோஷப்பட்டு என் கன்னத்தைத் தடவினாள். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, ஒரு அலுப்பு. என்னைப் போல் எத்தனை பேரை அவள் பார்த்திருப்பாள். உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழில் பெரிதாக எழுதி எடுத்துவந்து தன் அப்பாவின் மடியில் வைத்தாள். ‘எனக்கு இவர் வேண்டாம்.’ அவ்வளவுதான். அண்ணனின் ரகசியத்தில் ஒரு சொல்லை அவள் வெளியே விடவில்லை. பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு இரண்டு பேரையும் விடுவித்தாள். அவளுக்கு எழுத ஒரு மொழியும் அதைப் படிக்கத் தெரிந்த அப்பாவும் இருந்தார்கள். ஆட்டோவில் வரும்போது அம்மா, “காது கேக்காதவளுக்கு இத்தனை எடுப்பா!” என்று வழி முழுக்கப் புலம்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் என்னைத் தனியே நிறுத்தினான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். “ரோட்டில் போகிறவன் என்னைப் பொட்டன், செவிடன் என்பான், தாங்கிக்கொள்வேன். அவனுக்கு என் மொழி தெரியாது. உனக்குத் தெரியும்” என்றான். அடுத்த மாதம் லேபுக்குப் பக்கத்தில் வீடு எடுத்து, கல்லாற்றுக்காரரோடு குடிபோனான். கூட வேலை பார்க்கிற நண்பர், வேலைக்கும் பக்கம் என்று வீட்டில் சொன்னேன். ஆமாம், அதையும் நான்தான் சொன்னேன்.

ஓணத்துக்கும் தீபாவளிக்கும் வருவான். சாப்பிடுவான். என்னிடம் பஸ்சைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுவான். அம்மா ஒவ்வொரு முறையும் அவன் கல்யாணப் பேச்சை எடுத்து என்னைக் கேட்கச் சொல்வாள். நான் அவனிடம் கேட்கமாட்டேன்; ஏதாவது கையாட்டிவிட்டு, “பாக்கலாம்னு சொல்றான்” என்பேன். அப்பா இறந்தபோது கொள்ளி வைத்தது அண்ணன்தான். கல்லாற்றுக்காரர் உள்ளே வரவில்லை. வெளியே ரோட்டில் ஆட்களோடு ஆளாக நின்றார். அத்தனை கூட்டத்துக்கு மேலே அவர் கையைத் தூக்கி, ஏதாவது குடித்தாயா என்று கேட்டார். அண்ணன் இல்லை என்றான். ஒரு வாய் தண்ணீராவது குடி என்றார் அவர். அன்றைக்கு அண்ணனிடம் அதைக் கேட்டவர் வேறு யாருமில்லை. நானும் கேட்கவில்லை.

இதற்கிடையில் நான் படித்துச் சான்றிதழ் வாங்கி, சைகை மொழிபெயர்ப்பாளராக வேலை செய்துகொண்டிருந்தேன். போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, ஆபீஸ் மீட்டிங். தோள்பட்டை தேய்ந்து இப்போது கை தலைக்கு மேல் போக மறுக்கிறது. பயிற்சியில் முதல்நாள் சொல்லிக்கொடுத்தது, சொன்னதைச் சொன்னபடி சொல், கூட்டாதே, குறைக்காதே, உன் அபிப்பிராயத்தைப் பையில் வை. எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ அந்நியர்களுக்கு நான் நேர்மையான வாயாக இருந்திருக்கிறேன். சொந்த அண்ணனுக்கு மட்டும் வாய்ப்பூட்டு.

சென்ற வருடம் கல்லாற்றுக்காரருக்கு இதயத்தில் அடைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் அண்ணனை யார் என்று கேட்டார்கள். நண்பர் என்று எழுதினான். சொந்தக்காரர்கள் வரட்டும் என்று வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மறுநாள் காலையில் உள்ளேயிருந்து யாரோ வந்து, கூட இருப்பவர் யார், கையெழுத்துப் போட வாங்க என்று மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். அண்ணன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தவன், கண் அசந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் நடந்தது அது. யாரும் வராததால் கல்லாற்றிலிருந்து அவருடைய தம்பி வந்து சேர்கிற வரைக்கும் சிகிச்சை தள்ளிப்போனது. ஆள் பிழைத்துவிட்டார். இதெல்லாம் எனக்கு ஒரு வாரம் கழித்து வேறொருவர் சொல்லித்தான் தெரியும். அண்ணன் அந்த நேரத்தில் உதவிக்கு வீடியோவில் கூப்பிட்டது என்னை அல்ல. என் தொழிலிலேயே இருக்கிற, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவளான ஒரு மலையாளிப் பெண்ணை.

அதே பெண்ணைக் கூட்டிக்கொண்டு போன மாதம் ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தான். அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அம்மாவிடம் ஒரு விஷயம் பேச வேண்டும் என்றான். நான் வழக்கம்போல அம்மா பக்கத்தில் போய் நின்றேன். நீ உட்கார் என்று கைகாட்டினான். கோபமாக அல்ல. அந்தப் பெண் எனக்குச் சங்கடமாக ஒரு புன்னகை செய்துவிட்டு, அம்மாவின் எதிரில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள்.

அண்ணன் பேசினான். அவன் சொன்னது அந்தப் பெண்ணின் குரலில், மலையாளத்தில், ஒரு சொல் குறையாமல் அம்மாவிடம் போயிற்று. என்னோடு இருப்பவர் நண்பர் இல்லை. நான் செத்தால் அவருக்குச் சொல்ல வேண்டும், அவர் செத்தால் எனக்குச் சொல்ல வேண்டும், அப்படிப்பட்ட உறவு. பெண் பார்க்கப் போன அன்றைக்கே இதை எல்லோர் முன்னாலும் சொன்னேன், உங்களுக்கு வந்து சேரவில்லை.

அம்மா என் பக்கம் திரும்பினாள். “இவ அன்னைக்கு வேற என்னமோல்லா சொன்னா?”

“பொய் சொன்னேன்மா” என்றேன்.

அம்மா தமிழும் மலையாளமும் கலந்து ஆரம்பித்தாள் பாருங்கள்! ஆம்பிளையும் ஆம்பிளையும் குடும்பம் நடத்துவது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டாள். அப்பா இதைத் தெரியாமலேயே போய்ச் சேர்ந்தாரே என்றாள். “எனக்கு இது பிடிக்கல்ல. பிடிக்கல்லன்னே அவன்கிட்ட சொல்லு மோளே, மாத்திச் சொல்லாத” என்றாள். அந்தப் பெண் அதை அப்படியே கையில் சொன்னாள். இடையில் பாய்ந்து எதையாவது மெத்தென்று போட வேண்டும் என்று விரல்கள் துடித்தன. மடியில் அமுக்கி வைத்துக்கொண்டேன். அண்ணன் பதில் சொன்னான். பிடிக்க வேண்டும் என்று கேட்க வரவில்லை, தெரிய வேண்டும் என்றுதான் வந்தேன் என்றான். அம்மா விடவில்லை. அவனும் விடவில்லை. நாற்பத்திரண்டு வயதில் என் அண்ணன் முதன்முதலாகத் தன் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

கடைசியில் அம்மா, “சவத்து மூதி! அப்பாவைக் கொண்டுபோன அன்னைக்கு அந்தப் பிள்ளையை ரோட்டுல நிப்பாட்டி வச்சியே! ஒரு வாய் காப்பித்தண்ணி குடுத்து அனுப்பினியா?” என்று கத்தினாள்.

அந்தப் பெண்ணின் கை நின்றுவிட்டது. என்னைப் பார்த்தாள். “சேச்சி, இந்தச் சவத்து மூதின்னா எந்தா?”

எங்கள் ஊர்ப்பக்கம் கோபத்தில் வருகிற வசவு அது. அவளுக்கு எப்படித் தெரியும்? அண்ணனும் என்னைப் பார்த்தான். செல்லமாகத் திட்டுகிறாள் என்று சொல்லலாம். கோபத்தில் ஏதோ, ஒன்றுமில்லை என்று சொல்லலாம். நான் எழுந்து அவன் எதிரில் போய் நின்றேன். பிணம் என்று ஒரு சைகை, மூதேவி என்று ஒரு சைகை, இரண்டையும் சேர்த்து, அம்மாவின் முகத்தில் இருந்த அத்தனை கோபத்தையும் என் முகத்தில் போட்டுக்கொண்டு, விரலை அவன் நெஞ்சுக்கு நேரே நீட்டி, நீ என்று முடித்தேன்.

அண்ணன் என்னையே பார்த்தான். பிறகு சிரித்தான். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தான். அம்மாவிடம் திரும்பி ஏதோ சொன்னான். அந்தப் பெண் அதை மலையாளத்தில் சொன்னாள். அம்மா, நீங்கள் என்னைத் திட்டுவது இதுதான் முதல்முறை என்றான் அண்ணன்.

அம்மா திகைத்துப்போனாள். “மொத மொறையா? இவன் பொறந்த நாள்ல இருந்து தினமும்லா திட்டுகேன்!”

அந்தப் பெண் அதையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் அம்மாவும் அண்ணனும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒளிய இடமில்லை.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கு இன்னும் பேசித் தீரல்ல. நாளைக்கும் இவனைக் கூட்டிட்டு வா மோளே. அந்தப் பிள்ளையையும் வரச் சொல்லு, அவனையும் நாலு கேக்கணும்.”

நாளைக்கு வேறு வேலை இருக்கிறது, முடியாது என்றாள் அந்தப் பெண், தயக்கத்தோடு. அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. “அப்பம் உனக்கு என்னைக்கு முடியும்னு சொல்லு. அதுவரைக்கும் நான் பொறுத்துக்கிடுகேன்” என்றாள்.